ஆல்ப்ஸ் மலையில் பலூன் ஏறப் போகிறீர்களா? முதல் தடவைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுடுகாற்று பலூனில் ஏறப் பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம். கூடைக்குள் ஒரு மணி நேரம் நிற்க முடிந்தால் போதும். அப்புறம், இறங்கும்போது முழங்காலை மடக்க வேண்டும். ஆனால் மலையில் ஏறுவதென்றால் ஏற்பாடு கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும். பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது; காற்று போகிற பக்கம்தான் அதுவும் போகும். சமவெளியில் அது பெரிய பிரச்சினை இல்லை, ஏதாவது ஒரு வயலில் இறங்கிக்கொள்ளலாம். மலையிலோ இறங்கத் தோதான இடம் பெரும்பாலும் பள்ளத்தாக்கின் அடியில்தான் இருக்கும். அதனால் மலைப் பைலட்டுகள் நாள் பார்ப்பதில் மிகக் கறாரானவர்கள். நாம் செய்யும் ஏற்பாட்டில் பாதி அந்தக் கறாருக்கு இடம் விடுவதுதான்.

இங்கே சொல்வதெல்லாம் சுவிட்சர்லாந்தின் ஷாட்டோ-டே என்ற ஊரை மனதில் வைத்து. வோ மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர் அது. சுற்றிலும் மலை இருப்பதால் பள்ளத்தாக்குக்குள் பலத்த காற்று அதிகம் புகுவதில்லை. 1979-இல் அங்கே தொடங்கிய சர்வதேசப் பலூன் திருவிழா ஜனவரி கடைசியில் நடக்கிறது. பெர்ட்ரான்ட் பிக்கார்டும் பிரையன் ஜோன்ஸும் 1999 மார்ச் 1 அன்று பிரைட்லிங் ஆர்பிட்டர் 3 பலூனில் கிளம்பியது இந்த ஊரிலிருந்துதான். ஏறக்குறைய இருபது நாளில் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றி, மார்ச் 21 அன்று எகிப்தின் பாலைவனத்தில் இறங்கினார்கள். அது ஹீலியமும் சுடுகாற்றும் சேர்ந்த வேறு வகைப் பலூன். நாம் ஏறப்போவது, புரொப்பேன் எரிவாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கும் பர்னர் வைத்த சாதாரணப் பலூன்.

எந்த மாதம் போவது

கோடையில் போகலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். மலைக்கு அது சரிப்படாது என்பேன். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை, பனி நன்றாகப் படிந்திருக்கும் காலம்தான் நல்லது.

முதல் காரணம், குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம். கடல் மட்டத்தில் 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.29 கிலோ, அதே காற்றை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் 0.95 கிலோதான். அந்த வித்தியாசம்தான் பலூனைத் தூக்குகிறது. 3000 கன மீட்டர் பலூன் என்று வைத்துக்கொண்டால், 0 டிகிரிக் குளிரில் ஒரு டன் அளவுக்குத் தூக்கும். வெளியே 25 டிகிரி வெயில் அடித்தால் அதே பலூன் 700 கிலோதான் தூக்கும். துணி, கூடை, சிலிண்டர் எல்லாம் போக மிச்சம்தான் ஆட்களுக்கு. ஆக, குளிர்காலத்தில் எரிவாயு குறைவாகப் பிடிக்கும், பறக்கும் நேரமும் கூடும்.

இரண்டாவது காரணம் வெயில். பொள்ளாச்சியில் 2015 முதல் நடக்கும் பலூன் திருவிழாவைப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள், பலூன்கள் பொழுது விடிந்த கையோடு கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடும். தரை சூடானால் காற்று குமிழ் குமிழாக மேலே கிளம்பும், பலூன் அதில் மாட்டினால் பைலட்டின் பேச்சைக் கேட்காது. ஆல்ப்ஸில் பனிக்காலத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் தரை சூடாவதில்லை. அதனால் காலை பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பலாம், மதியத்திலும் பறக்கலாம். மூன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழ வேண்டியதில்லை.

திருவிழா வாரத்தில் போகலாமா என்று கேட்டால், வேடிக்கை பார்க்கத் தாராளமாகப் போங்கள். டஜன் கணக்கான பலூன்கள் ஒரே பள்ளத்தாக்கில் எழும்புவதையும், இரவில் பர்னர் வெளிச்சத்தில் அவை ஒளிரும் நைட் குளோ நிகழ்ச்சியையும் வேறெங்கும் சுலபத்தில் பார்க்க முடியாது. ஆனால் ஏறுவதுதான் நோக்கம் என்றால் திருவிழா முடிந்த பிறகு போங்கள். அறை கிடைக்கும், வாடகை இறங்கியிருக்கும், பைலட்டுக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும்.

நாள் ஒதுக்குவது

பலர் சறுக்குவது இங்கேதான். திங்கள் ஜெனீவா, செவ்வாய் பலூன், புதன் பாரிஸ் என்று திட்டம் போடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை காற்று ஒத்துழைக்காது, புதன்கிழமை ரயில் டிக்கெட் காத்திருக்கும். குறைந்தது மூன்று நாள் அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பதிவை முதல் நாளுக்குச் செய்யுங்கள், ரத்தானால் அடுத்த இரண்டு நாளும் கையில் இருக்கும்.

வானம் துல்லியமாக நீலமாக இருக்கும் நாளில்கூடப் பயணம் ரத்தாகும். புதிதாக வருபவர்களுக்கு இது புரியாமல் கோபம் வரும். அந்த மலைகளில் ஃபோன் (Föhn) என்று ஒரு காற்று உண்டு. தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும்போது சூடாகி, வறண்டு, பள்ளத்தாக்குக்குள் திடீர் திடீரென்று வீசும். அது வரும் நாளில் வானம் பளிச்சென்று இருக்கும், மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், படம் எடுக்க அருமையான நாள்! பைலட் மட்டும் வண்டியை எடுக்கவே மாட்டார். அதே போல ஊருக்குள் இலை அசையாமல் இருக்கும், மேலே சிகர மட்டத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். மூடுபனி, பனிப்பொழிவு இரண்டும் வந்தாலும் ரத்துதான். தரையில் காற்று மணிக்கு 15, 18 கிலோமீட்டரைத் தாண்டினாலே பெரும்பாலான பைலட்டுகள் யோசிப்பார்கள்.

முடிவை முந்தைய நாள் மாலையோ அன்று காலையோ போனில் சொல்வார்கள். பைலட்டிடம் வாதாட வேண்டாம். “இவ்வளவு தூரம் வந்திருக்கிறோமே, பார்த்துச் செய்யுங்கள்” என்று கெஞ்சவும் வேண்டாம். கெஞ்சலுக்கு இணங்கி ஏற்றிக்கொள்கிற பைலட் கிடைத்தால் அவரோடு போகாமலிருப்பதே நல்லது.

பதிவும் பணமும்

ஒருவருக்கு ஏறத்தாழ 350 முதல் 450 சுவிஸ் பிராங்க் வரை ஆகும், நம்மூர் பணத்தில் நாற்பது, ஐம்பதாயிரம் ரூபாய். வானில் இருப்பது ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். பலூனை விரிப்பதிலிருந்து மடித்து வண்டியில் ஏற்றுவது வரை மொத்தம் மூன்று, நான்கு மணி நேரம் போய்விடும். அன்றைக்கு மதியத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்: வானிலையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா, அல்லது வேறு தேதிதான் தருவார்களா? (இந்தியாவிலிருந்து போகிறவருக்கு இரண்டு வருடம் செல்லும் வவுச்சர் கொடுத்தால் என்ன பயன்?) பைலட்டிடம் பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்லும் உரிமம் இருக்கிறதா? கூடையில் எத்தனை பேர்? மலைப் பள்ளத்தாக்கில் சின்னக் கூடைதான் நல்லது, நான்கைந்து பேரோடு போனால் நான்கு பக்கமும் பார்க்கலாம். உங்கள் பயணக் காப்பீட்டையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். பலூனைச் சாகச விளையாட்டு என்று வகைப்படுத்தி விலக்கி வைத்திருக்கும் பாலிசிகள் உண்டு.

எடை கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். மேலே சொன்ன தூக்கும் கணக்கில் உங்கள் எடையும் ஒரு பங்கு; எவ்வளவு எரிவாயு ஏற்றலாம், யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். குளிர்கால உடுப்பு, பூட்ஸ், கேமரா எல்லாவற்றோடும் எடை பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

யார் ஏறக்கூடாது

கர்ப்பிணிகள் ஏறக்கூடாது. முழங்கால், இடுப்பு, முதுகில் சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் வேண்டாம். மேலே போவதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை, இறங்கும்போது விழும் குலுக்கல்தான் ஆபத்து. மூட்டுவலி உள்ள பெற்றோரை அழைத்துப் போவதாக இருந்தால் முதலிலேயே பைலட்டிடம் சொல்லுங்கள். கூடைக்குள் உட்கார இடம் இருக்காது, பக்கவாட்டில் உள்ள கால் வைக்கும் துளைகளில் மிதித்துச் சுவர் ஏறுவது போல ஏறித்தான் உள்ளே இறங்க வேண்டும். கூடையின் விளிம்பு பெரியவர்களுக்கு நெஞ்சளவு வரும். அதற்கு மேல் எட்டிப் பார்க்க முடியாத சின்னக் குழந்தைகளை ஏற்ற மாட்டார்கள், ஏற்றினாலும் அந்தக் குழந்தைக்குப் பிரம்பைத் தவிர வேறொன்றும் தெரியாது.

சளி, காதடைப்பு இருந்தால் கவனம் தேவை. ஏறும்போது பெரிதாகத் தெரியாது, வேகமாக இறங்கும்போது காது வலிக்கும். பள்ளத்தாக்குக்குள் பறப்பதென்றால் உயரத்தால் மூச்சுத் தொல்லை வராது. 3000 மீட்டருக்கும் மேலே நீண்ட நேரம் போகும் ஆல்ப்ஸ் கடக்கும் பயணங்களில் மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டுவார்கள். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

உயரம் என்றால் பயம் என்பவர்கள் சட்டென்று ஒதுங்கிவிட வேண்டாம். மாடி விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போது வரும் தலைச்சுற்றல் பலூனில் பலருக்கு வருவதில்லை. காலடியிலிருந்து தரை வரை இறங்கும் சுவர் இல்லாததால் கண் உயரத்தை அந்த விதத்தில் அளப்பதில்லை என்று விளக்கம் சொல்கிறார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. பயம் ரொம்ப அதிகம் என்றால் கூடையின் நடுப்பக்கம் நின்று தூரத்து மலையைப் பாருங்கள்.

என்ன உடுத்துவது

காலும் தலையும்தான் முக்கியம்.

பலூன் காற்றோடு சேர்ந்தே போவதால் மேலே முகத்தில் காற்று அடிக்காது. மைனஸ் பத்து டிகிரியில்கூட வெயில் பட்டால் இதமாகத்தான் இருக்கும். குளிர் பிடிப்பது கீழே. பலூனை விரித்து நிமிர்த்தும் வரை அரை மணி நேரம் பனியில் நிற்பீர்கள், இறங்கிய பிறகு மறுபடியும் முழங்கால் ஆழப் பனியில் நடப்பீர்கள். அதனால் தண்ணீர் புகாத, கணுக்காலுக்கு மேல் வரும் பனி பூட்ஸ் வேண்டும். ஸ்போர்ட்ஸ் ஷூ பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி போதும். மூன்று ஜோடியைத் திணித்தால் கால் விரல் நெருங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, குளிர் இன்னும் ஏறும். பூட்ஸை வாங்க வேண்டுமென்பதில்லை, பனிச்சறுக்குக் கடைகளில் வாடகைக்கு விசாரித்துப் பாருங்கள்.

தலைக்குத் தொப்பி கட்டாயம், ஆனால் குளிருக்காக மட்டும் இல்லை. பர்னர் தலைக்கு மேலே இருக்கிறது, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உச்சந்தலையில் அனல் இறங்கும். உயரமானவர்களுக்கு இது இன்னும் அதிகம். மார்கழி மாதத்தில் நம் தாத்தாக்கள் போடும் மங்கி குல்லா, அசல் கம்பளியாக இருந்தால், இதற்குப் பொருத்தமான சாமான். படத்தில் எப்படி இருப்போம் என்ற கவலையை விட்டுவிடுங்கள்.

மற்றபடி உடலுக்கு மெல்லிய உடுப்புகளாக அடுக்கிப் போட்டு, மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். சேலை, வேட்டி, காலில் தட்டும் நீளக் கோட் எதுவும் சரிப்படாது. தொங்கும் துப்பட்டா, மப்ளர் இரண்டையும் உள்ளே செருகிவிடுங்கள், நீள முடியைக் கட்டிவிடுங்கள். கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் அவசியம். மேலிருந்து வரும் வெயில் ஒரு பங்கென்றால் பனியில் பட்டுத் திரும்பும் வெயிலும் சேர்ந்து முகத்தைக் கருக்கிவிடும். மோவாயின் அடியிலும் தடவுங்கள்.

கையில் குறைவாகவே இருக்கட்டும். போனுக்குக் கழுத்துக் கயிறு வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், எடுக்காத நேரத்தில் உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். செல்ஃபி குச்சி, ட்ரோன் இரண்டும் ஊரிலேயே இருக்கட்டும்.

கிளம்பும் நாள்

ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மாண்ட்ரோ நகரிலிருந்து எம்.ஓ.பி. என்ற ரயில் நிறுவனத்தின் மீட்டர் கேஜ் மலை ரயிலில் ஷாட்டோ-டே சுமார் ஒரு மணி நேரம். முடிந்தால் முந்தைய நாளே வந்து தங்குங்கள். காலையில் சுவிஸ் வானிலைத் துறையின் மீட்டியோசுவிஸ் செயலியில் காற்றைப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் முடிவு உங்களுடையது இல்லை. லேசாகச் சாப்பிடுங்கள். கிளம்பும் முன் கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள், கூடைக்குள் அதற்கு வழியே கிடையாது. குளிரில் காபி குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் நிற்பது எப்படி இருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

திடலில் பயணிகளையும் வேலைக்குக் கூப்பிடுவார்கள். பலூன் துணியை நீளமாக விரித்து, இரண்டு பேர் வாயை விரித்துப் பிடிக்க, பெரிய மின்விசிறியால் குளிர்ந்த காற்றை முதலில் உள்ளே அனுப்புவார்கள். பாதிக்கு மேல் நிறைந்ததும் பர்னரைத் திறப்பார்கள், பலூன் மெல்ல நிமிரும். சிலிண்டரைப் பார்த்தால் விசாரியுங்கள். கடுங்குளிரில் புரொப்பேனின் அழுத்தம் விழுந்து சுடர் சோம்பிவிடும் என்பதால், குளிர்காலத்தில் சிலிண்டருக்குள் நைட்ரஜனை ஏற்றி அழுத்தத்தைக் கூட்டி வைக்கும் பழக்கம் உண்டு.

ஏறுவதற்கு முன் இறங்கும் நிலையைச் சொல்லிக் கொடுப்பார்கள். போனை உள்ளே வைத்துவிட்டுக் கேளுங்கள், ஒரு தடவை செய்தும் பாருங்கள். பலூன் போகிற திசைக்கு முதுகைக் காட்டி, கூடைச் சுவரில் சாய்ந்து, முழங்காலை மடக்கி, உள்ளே இருக்கும் கயிற்றுப் பிடியை இரண்டு கையாலும் இறுகப் பிடிக்க வேண்டும். கை கூடைக்கு வெளியே நீளக் கூடாது. தலைக்கு மேல் தொங்கும் எந்தக் கயிற்றையும், குழாயையும் தொடாதீர்கள். அதில் ஒரு கயிறு பலூனின் உச்சியைத் திறந்து காற்றை வெளியேற்றுவது.

மேலே

கிளம்பியது பலருக்குத் தெரியவே தெரியாது, ஊர்தான் கீழே இறங்குகிற மாதிரி இருக்கும். பர்னர் நிற்கும் இடைவெளிகளில் கீழே நாய் குரைப்பது, ஆட்கள் பேசுவதுகூடக் கேட்கும். பைலட் பள்ளத்தாக்கின் கீழ்மட்டத்தில் ஒரு திசைக்குப் போய், உயர ஏறியதும் வேறு திசைக்குத் திரும்பினால் ஆச்சரியப்படாதீர்கள். மலைப் பள்ளத்தாக்கில் பகலில் காற்று மேல்நோக்கியும் இரவில் கீழ்நோக்கியும் ஓடும். அதற்கு மேலே சிகரங்களைத் தாண்டும் காற்று தன் பாட்டுக்கு வேறு பக்கம் போகும். அவர் ஏறி இறங்கித் தனக்கு வேண்டிய காற்றைத் தேர்ந்தெடுக்கிறார். ஸ்டியரிங் இல்லாத வண்டிக்கு அதுதான் ஸ்டியரிங்.

நன்றாக உயரம் போனால் தெற்கே மோன் பிளாங்க், கிழக்கே ஐகர், யுங்ஃப்ராவ் சிகரங்கள் வரிசையாகத் தெரியும். எது எது என்று கேளுங்கள், பைலட்டுகளுக்கு இதைச் சொல்வதில் அலுப்பே வருவதில்லை. ஆனால் அவர் வாக்கி-டாக்கியில் பேசும்போதும், பலூன் கீழே இறங்கத் தொடங்கியதும் கேள்விகளை நிறுத்திக்கொள்ளுங்கள். மின்கம்பி, கேபிள் கார் கம்பி இரண்டும்தான் மலையில் பலூனுக்குப் பெரிய எதிரி. வெள்ளைப் பனிப் பின்னணியில் கம்பி கண்ணில் படாது. நீங்கள் ஒன்றைப் பார்த்தால் அவர் பார்த்திருப்பார் என்று சும்மா இருக்காதீர்கள், சொல்லிவிடுங்கள்.

இறங்குவது

பைலட் சொன்னதும் கேமராவை மூடி, சொல்லிக் கொடுத்த நிலைக்கு வாருங்கள். “கடைசியாக ஒரு படம்” என்பவர்களுக்குத்தான் பல் உடைகிறது. காற்று இல்லாத நாளில் பனிமேல் மெத்தென்று உட்காரும். கொஞ்சம் காற்றிருந்தால் தரையைத் தொட்டு, ஒரு துள்ளு துள்ளி, கூடை பக்கவாட்டில் சாய்ந்து சிறிது தூரம் இழுபடும். அது விபத்து இல்லை, வழக்கம்தான். பிடியை மட்டும் விடாதீர்கள்.

அதைவிட முக்கியம், பைலட் சொல்லும் வரை ஒருவரும் வெளியே குதிக்கக் கூடாது. எழுபது, எண்பது கிலோ திடீரென்று குறைந்தால் பலூன் மற்றவர்களோடு மறுபடியும் மேலே கிளம்பிவிடும்.

அப்புறம் காத்திருப்பு. தரைக்குழுவின் வண்டி மலைப்பாதையில் சுற்றிக்கொண்டு உங்களைத் தேடி வரும், ஒரு மேட்டைத் தாண்டி இறங்கியிருந்தால் நேரம் பிடிக்கும். பையில் ஒரு சாக்லேட் இருந்தால் அப்போது உதவும். வண்டி வந்ததும் துணியைச் சுருட்டும் வேலை: காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, சாக்குப் பைக்குள் திணித்து, மேலே ஏறி உட்கார்ந்து அமுக்க வேண்டும். துணி மட்டுமே நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் ஒரு கை கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள்.

கடைசியில் ஷாம்பெயின் திறப்பார்கள், குடிக்காதவர்கள் முன்பே சொன்னால் ஜூஸ் தருவார்கள். ஆல்ப்ஸில் ஜெர்மன் பேசும் பக்கத்துப் பைலட் என்றால் முதல் தடவை பறந்தவருக்கு ஞானஸ்நானம் மாதிரி ஒரு சடங்கும் உண்டு. தலைமுடியின் நுனியைத் தீக்குச்சியால் லேசாகக் கருக்கி, ஷாம்பெயினால் அணைத்து, இறங்கிய ஊரின் பெயரைச் சேர்த்து ஒரு பிரபுப் பட்டம் எழுதிய சான்றிதழ் தருவார்கள். பலூன் தோன்றிய காலத்தில் பிரெஞ்சு மன்னர் பிரபுக்களை மட்டும்தான் பறக்க அனுமதித்தார் என்ற கதையிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். முடி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.